அரண்மனை எங்கேக்கா?

சித்தி பொண்ணு கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க, போன வாரம் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போயிருந்தோம். பெரியவர்கள் எல்லாம் பார்டரிலும் முந்தானையிலும் மூழ்கிவிட, மணப்பெண்ணின் தம்பி என் கையைச் சுரண்டினான். ஏழாம் வகுப்புப் படிக்கிறான். "இதுதானே பல்லவங்களோட தலைநகரம்? அப்போ அரண்மனை எங்கேக்கா?"

நியாயமான கேள்வி. அரண்மனை இப்போது இல்லை. அந்தக் காலத்தில் கல் வீடு தெய்வத்துக்குத்தான். ராஜா வாழ்ந்த மாளிகைகள் செங்கல்லும் மரமும். எல்லாம் மண்ணோடு போய்விட்டன. பல்லவமேடு என்ற இடம் மட்டும் ஊரில் உண்டு. அங்கே 1970-71-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது.

ஆனால், அந்த அரண்மனையில் நடந்ததைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறதே! அவனை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். கருவறையைச் சுற்றிவரும் திருச்சுற்றின் சுவர் முழுக்கப் பல்லவர் கதைதான். முடிசூட்டு விழா, போர், தூது என வரிசை வரிசையாகச் சிற்பங்கள். சிலவற்றின் அருகே கல்வெட்டுக் குறிப்பும் உண்டு.

8-ம் நூற்றாண்டில் இரண்டாம் பரமேஸ்வரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோகிறார். கிளை வழியில் வந்த இரணியவர்மனிடம் பெரியவர்கள் போய், 'எங்களுக்கு ஓர் அரசர் வேண்டும்' என்கிறார்கள். மூத்த மகன்கள் மூவரும் மறுக்க, கடைசி மகன் மட்டும் 'நான் போகிறேன்' என்கிறான். அவனுக்கு வயது 12! அப்பாவுக்கு அனுப்ப மனமில்லை. ஆனாலும் கிளம்பி வந்து முடிசூடிய அந்தப் பையன்தான் இரண்டாம் நந்திவர்மன். இடையில் சாளுக்கியர்களிடம் காஞ்சியைப் பறிகொடுத்தும் மீண்டு, 60 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். இந்தக் கோயிலைக் கட்டியவரும் அவரே.

இந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதியவர் சி.மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். 34 வயதில் 1940-ல் இறந்துவிட்டார். புத்தகம் வெளியானது 1941-ல்.

"என் வயசுதானாக்கா அவருக்கு?" என்றபடி சிற்பத்தைத் தொடப் போனான் தம்பி. தடுத்தேன். மணற்கல் அது. ஏற்கெனவே பல முகங்கள் தேய்ந்து, மூக்கும் கண்ணும் தெரியவில்லை. பல்லவர் அரண்மனையில் நமக்கு மிஞ்சியது இந்தச் சுவர்தான். அதுவும் போனால், அடுத்த தலைமுறைப் பிள்ளை கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது.

அடுத்த முறை பட்டு எடுக்கப் போகும்போது, நடை சாத்துவதற்குள் அரை மணி நேரம் ஒதுக்கிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். சுவரில் சாயாமல், தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்!