கரிசல் வீட்டுக்கு வெள்ளையா, சந்தனமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வீடு கட்டி முடிப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெயிண்ட் கடையில்தான். உள்சுவருக்கு வெள்ளையா, சந்தனக் கலரா? ஷேட் கார்டைப் புரட்டிப் பார்த்து அங்கேயே முடிவுகட்டி விடுகிறார்கள். வீடு நிற்கும் கரிசல் மண்ணை யாரும் யோசிப்பதில்லை.

முன்பு இந்தக் குழப்பமே கிடையாது. பொங்கல் நெருங்கினால் சுண்ணாம்புதான். பந்தல்குடிப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கும் சீமை இது. நீர்த்த சுண்ணாம்பில் துளி நீலம் விட்டால் பளீர் வெள்ளை; கொஞ்சம் மஞ்சள் காவி சேர்த்தால் சந்தனம்.

வெளிச்சத்தில் வெள்ளைக்குத்தான் வெற்றி. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். சந்தனம், அடர்த்தியைப் பொறுத்து, ஏறக்குறைய 65 முதல் 75 வரை. வெயிலுக்குப் பயந்து சன்னலைச் சிறிதாக வைத்த வீட்டில் இது சின்ன வித்தியாசமல்ல. தறி போட்ட வீட்டில் அறுந்த இழையைக் கண்டுபிடிக்கவும் அந்த வெளிச்சம் வேண்டும்.

அழுக்கு என்று வந்தால் சந்தனம் முந்திக்கொள்ளும். ஆடிக்காற்றில் வரும் புழுதி, சுவிட்ச் பெட்டியைச் சுற்றிய கைத்தடம், சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் தலையெண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் வெள்ளையில் சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஆனால் கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். கடைக்கால் சரியாகப் போடாத வீட்டில் நிலை மூலையிலிருந்து வெடிப்பு சாய்வாக மேலேறும். பட்டி வைத்து அடைத்த இடத்தில் வெள்ளையைத் தொட்டுவிட்டால் பெரும்பாலும் ஒத்துப்போகும். சந்தனமோ மிஷினில் நிறமி சேர்த்துக் கலக்கியது. சில வருடம் கழித்து அதே நம்பரைச் சொல்லி வாங்கினாலும், பழைய சுவர் அதற்குள் மங்கியிருக்கும். புதுத் திட்டு துண்டாகத் தெரியும். பிறகு முழுச் சுவருக்கும் பெயிண்டும் கூலியும் அழ வேண்டியதுதான்.

எனவே வெடிப்பு விடும் வீட்டுக்கு வெள்ளையே மேல். சுவர் உறுதியாக நிற்கிறதென்றால் கூரைக்கும் தறி அறைக்கும் வெள்ளை, ஆள் புழங்கும் கூடத்துக்குக் கழுவக்கூடிய எமல்ஷனில் வெளிர் சந்தனம் என்று பிரித்துக்கொள்ளலாம். சந்தனம் எடுப்பவர்கள் முதலில் கூடத்துச் சுவரில் ஒரு முழ அகலம் இரண்டு கோட் அடித்து, உச்சிவெயிலிலும் ராத்திரி டியூப்லைட்டிலும் பார்த்துவிடுவது நல்லது. ஷேட் நம்பரைக் குறித்துக்கொண்டு, அரை லிட்டர் மிச்சம் பிடித்து இறுக மூடி வைத்தால் ஒட்டுப்போடவும் ஆகும்.