விலை பேசப்படும் முதுசம்

கரையோர நகரமொன்றில் குடும்ப வீடொன்று விற்பனைக்கு வருவது புதினமான விடயமன்று. பிள்ளைகள் வெளிநாடு சென்றிருக்கலாம், முதுசத்தைப் பங்கிட வேண்டிய தேவை எழுந்திருக்கலாம், கடன் நெருக்கியிருக்கலாம். விற்பவரும் வாங்குபவரும் விரும்பிச் செய்யும் கொடுக்கல் வாங்கலில் மூன்றாமவர் தலையிட எதுவுமில்லை. ஆனால், மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் வீடு விலை பேசப்படும் போது, அதனை இந்த வகைக்குள் இலகுவாக அடக்கிவிட முடியாது.

1990 ஒக்டோபர் இறுதியில், சுமார் 75,000 வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அதற்கென வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மட்டுமே. மன்னார்த் தீவைச் சேர்ந்தோர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வீடும் கடையும் மட்டுமன்றி, பலரது காணி உறுதிகளும் பின்னால் விடப்பட்டன. 2002 போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் ஊர் பார்க்கச் சென்றவர்கள் கண்டவை, இடிந்த சுவர்களையும் பிறர் குடியிருந்த வீடுகளையுமே. அவர்களில் பலர் திரும்பிக் குடியேறுவதற்குப் பதிலாக, கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் புத்தளத்திற்கே மீண்டனர்.

இதனை விருப்பத்துடன் செய்யப்பட்ட விற்பனை எனக் கூற முடியுமா? அவர்களின் பேரம் பேசும் வலுவைப் பறித்தவற்றுள் சட்டமும் ஒன்றாகும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ், உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடங்கள் இடையறாது காணியொன்றை ஆண்டு வந்தவர் அதற்கு உரிமை கோரலாம். கடல் கடந்து வாழ்பவருக்கு எதிராக இப்பத்து வருடக் கணக்கு ஓடாதென அதே சட்டம் ஒரு விதிவிலக்கை வழங்குகின்றது. ஆனால், புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வாழ்ந்தவர் கடல் கடந்தவராகக் கொள்ளப்படவில்லை. இலண்டனில் வாழ்ந்தவருக்கு இருந்த பாதுகாப்பு, உள்நாட்டிலேயே அகதியாக்கப்பட்டவருக்கு இருக்கவில்லை.

இக்குறை 2016ஆம் ஆண்டிலேயே கவனத்திற்கு எடுக்கப்பட்டது. அவ்வருடத்தின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது. ஆயினும், வழக்குத் தொடுப்பதற்கு இரண்டு வருட அவகாசமே வழங்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அகதியாக வாழ்ந்தவர் உறுதியைத் தேடி, பங்காளிகளை ஒன்றுசேர்த்து, சட்டத்தரணியை அமர்த்துவதற்கு இக்காலம் போதுமானதெனக் கருதியமை விந்தையானதே.

தமிழ் மக்களின் அனுபவமும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. மயிலிட்டி, காங்கேசன்துறைக் கரையோரத்தவர் 1990இல் இடம்பெயர்ந்து, தமது வீடுகளைப் பாதுகாப்பு வலயத்தினுள் விட்டு வந்தனர். 2013 ஏப்ரலில் வலிகாமத்தில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட 2017 ஜூலை வரை காத்திருக்க நேர்ந்தது. ஒருவர் தம் வீட்டைக் கிடைத்த விலைக்கு விற்றார். மற்றவரால் தம் வீட்டை எட்டிப் பார்க்கவும் முடியவில்லை. இருவரும் இழந்தது ஒன்றையே.

இவ்விழப்பு யுத்த பூமிக்கு மாத்திரம் உரியதுமன்று. 2012 ஏப்ரல் 20ஆம் திகதி தம்புள்ளைப் பள்ளிவாசலுக்கு எதிராகக் கிளம்பிய கூட்டம், அது புனித பூமிக்குள் சட்டவிரோதமாக அமைந்துள்ளதெனக் கூறியது. 2013இல் அங்கிருந்த பத்திரகாளி அம்மன் கோவிலும் அகற்றப்பட்டது. அதனைச் சூழ வாழ்ந்த குடும்பங்களும் வெளியேறுமாறு கேட்கப்பட்டன. கடலே காணாத ஊரிலும், தலைமுறையாகப் புழங்கிய இடம் அச்சத்தின் முன்னால் பெறுமதியிழந்து போகும் என்பதை தம்புள்ளை உணர்த்தியது. அங்கு அடுத்தடுத்து இலக்கானவை பள்ளிவாசலும் கோவிலும் என்பதை இரு சமூகங்களும் மறந்துவிடலாகாது.

எனவே, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பை, போதிய கால அவகாசத்துடன் மீண்டும் வழங்குவது பாராளுமன்றத்தின் கடமையாகும். இதற்காகத் தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் கூட்டாகக் குரல் கொடுத்தல் வேண்டும். விற்க எண்ணும் குடும்பங்களும் அவசரப்படலாகாது. உறுதி தொலைந்தால் உரிமையும் தொலைந்துவிட்டதாக அர்த்தமில்லை. பதிவு செய்யப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெற முயற்சித்த பின்னரே விலை பேசுதல் நன்று.

வாங்குபவருக்கும் ஒரு பொறுப்புண்டு. அயலவரின் அவலத்தைத் தமது இலாபமாக்காது, நியாயமான விலையைக் கொடுப்பதே அது. நல்லிணக்கம் பற்றி மேடைகளில் ஏராளமாகப் பேசப்பட்டுவிட்டது. அதன் உண்மைத் தன்மை, கைவிடப்பட்ட வீடொன்றின் முற்றத்தில் நின்று விலை பேசும் அவ்வேளையிலேயே வெளிப்படும்.