அப்பா அம்மா இல்லாத கல்யாண ஃபோட்டோ

இங்கிலாந்துக்குக் குடும்ப விசா கேட்பவர்கள் வீட்டைக் காட்டிவிடலாம். உறவைக் காட்டுவதுதான் பெரும்பாடு. சாதி மறுப்பு மணம் செய்தவர்களுக்கு அது இரட்டைப் பாடு. விசா முகவர்கள் இதற்கு 'ஆவணக் குறைபாடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் சாதி என்கிறேன்.

வீட்டுக்காவது ஒரு கணக்கு உண்டு. அந்நாட்டின் 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி ஓர் அறைக்கு இரண்டு பேர், இரண்டு அறைக்கு மூன்று பேர், மூன்று அறைக்கு ஐந்து பேர். ஒரு வயது நிரம்பாத குழந்தை கணக்கிலேயே வராது, பத்து வயதுக்குள் என்றால் அரை ஆள், நம்மூர்ப் பேருந்தின் அரை டிக்கெட் மாதிரி. வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரர் கடிதமும் இருந்தால் பெரும்பாலும் முடிந்தது.

உறவுக்கு அப்படி எண் கிடையாது. 'உண்மையான, தொடர்கின்ற உறவு' என்று அதிகாரி நம்ப வேண்டும். மணமானவர்கள் முன்பே சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று விதி இல்லைதான். ஆனாலும் இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள் இருந்தால் கோப்பு கனக்கும். திருமணத்துக்கு ஆட்கள் வராததும் முக்கிய உறவினர் இல்லாததும் சந்தேகத்துக்குரிய அறிகுறிகள் என்று பிரிட்டிஷ் உள்துறையின் வழிகாட்டுதலே எழுதிவைத்திருந்தது.

என் தோழி ஆதிக்கச் சாதியில் பிறந்தவள். கணவர் தலித், இங்கிலாந்தில் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட மூவரில் நானும் ஒருத்தி. மண்டபம் இல்லை, பந்தி இல்லை, மொய் நோட்டு இல்லை. அவர் விடுப்பில் இருந்த நாட்களில் சேர்ந்து வாழ்ந்த வீடு இன்னொருவர் பெயரில் எடுத்தது. இருவர் பெயரும் போட்ட ஒரு தபால் உறை ஊர்க்காரர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டியதைப் பார்த்த எவருக்கும் தெரியும். உயிரோடு இருப்பதற்காக எந்தத் தடயத்தை அழித்தார்களோ, அதையே இப்போது சான்றாகக் கேட்கிறார்கள்.

முகவர் சொன்ன யோசனை: "அப்பா அம்மாவோட நிக்கிற மாதிரி நாலு ஃபோட்டோ இருந்தா போதும்மா." அவர்கள் நின்றிருந்தால் இவள் ஏன் ஒளிந்து வாழப் போகிறாள்?

சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916லேயே கொலம்பியாவில் விளக்கிவிட்டார். ஒரே சாதிக்குள் பெற்றோர் பார்த்து நடத்தும் கல்யாணத்தில் நானூறு பேர் சாப்பிடுகிறார்கள், ஆல்பம் மூன்று கிலோ எடை. பெண்ணிடம் சம்மதம் கேட்டார்களா என்பது அந்த ஆல்பத்தில் தெரியாது. ஆனால் கோப்பில் அது உண்மையான உறவாக மின்னும். விரும்பி, உயிரைப் பணயம் வைத்து இணைந்தவர்களோ போலித் தம்பதி போல விளக்கம் எழுத வேண்டும்.

இதே பிரிட்டிஷ் அரசுதான் சமத்துவச் சட்டத்தில் சாதியை வெளிப்படையாகச் சேர்க்கும் கடமையை 2013இல் நாடாளுமன்றம் விதித்தும், 2018இல் அதைக் கைவிடப் போவதாக அறிவித்தது. நீதிமன்றத் தீர்ப்புகளே போதுமாம். சட்டத்தில் சாதிக்கு இடமில்லை, கல்யாண ஆல்பத்தைப் பார்க்கும் கண்ணில் மட்டும் அதற்குத் தாராளமாக இடமிருக்கிறது.

வழக்கறிஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முகப்புக் கடிதத்தில் 'குடும்பக் கருத்து வேறுபாடு' என்று பூசி மெழுகாதீர்கள். சாதி என்றே எழுதுங்கள். சாதி மறுப்பு இணையருக்குப் பாதுகாப்பும் தங்குமிடமும் தர வேண்டும் என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையை இணையுங்கள். காவல் நிலையத்தில் கொடுத்த பாதுகாப்பு மனு இருந்தால், அதையும் உறவுச் சான்றுகளின் வரிசையிலேயே வையுங்கள்.

தோழியின் கோப்பில் பெற்றோர் படம் இருக்க வேண்டிய பக்கத்தில் சாட்சிகள் மூவரின் உறுதிமொழிப் பத்திரங்கள் போகின்றன. என்னுடையதில், பெற்றோர் ஏன் வரவில்லை என்பதை இரு சாதிகளின் பெயரையும் குறிப்பிட்டே எழுதியிருக்கிறேன்.