கல்லாவுக்கு ஒரு கால்குலேட்டர், கடனுக்கு ஒன்று



மயிலாப்பூரில் நாற்பது ஆண்டுகளாக மொத்த மளிகை வியாபாரம் செய்து வருகிறேன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். வாய்க்கணக்கில் தொடங்கிய நான் இன்று கல்லாவில் இரண்டு கால்குலேட்டர்கள் வைத்திருக்கிறேன். ஏன் இரண்டு என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலாவது, நம் எல்லோர் மேசையிலும் உள்ள கேசியோ, சிட்டிசன் வகை. பெரிய பொத்தான்கள். ஜி.டி.யை அழுத்தினால் மொத்தக் கூட்டுத்தொகை வந்துவிடும். செக் வசதி இருந்தால் தட்டிய எண்களைத் திரும்பப் பார்க்கலாம். பில் போட இதுவே போதும். ஆனால் கடன் வாங்கும் அன்று இது கை கொடுக்காது.

இரண்டாவது, நிதிக் கணக்குக்கான கால்குலேட்டர். எச்.பி. 12சி 1981-ல் வந்தது. டெக்சாஸ் பி.ஏ. 2 பிளஸ், கேசியோ எஃப்.சி. 200வி ஆகியவையும் இதே இனம். தவணை எண்ணிக்கை, வட்டி, கைக்கு வந்த தொகை, தவணைத் தொகை, கடைசியில் நிற்கும் பாக்கி என்ற ஐந்தில் நான்கைக் கொடுத்தால் ஐந்தாவதைச் சொல்லிவிடும். 12சி-யில் சமக்குறியே கிடையாது. பழகச் சில நாள் ஆகும். பழைய 12சி வட்டி காணச் சில விநாடி யோசிக்கும்; பின்னர் வந்தவை வேகமானவை. கேசியோவில் எல்லாம் திரையில் வரிசையாகத் தெரிவதால் புதியவருக்கு எளிது.

விநாடி வேகம் நமக்குப் பெரிதல்ல. விடைதான் பெரிது. என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு சிறு கடைக்காரர் தண்டல் வாங்கினார். பத்தாயிரத்தில் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுத்தார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பத்துதானே அண்ணாச்சி, மாதம் மூணு வட்டி" என்றார். தவணை 100, கைக்கு வந்தது 9,000, கட்டுவது 100, கடைசியில் பாக்கி 0 என்று தட்டினேன். (கட்டும் தொகைக்குக் கழித்தல் குறி போட வேண்டும், மறந்தால் பிழை காட்டும்.) நாள் வட்டி 0.2126 சதவீதம் என்று வந்தது. மாதத்துக்கு ஆறு வட்டிக்கு மேல். ஆண்டுக்கு 77 சதவீதத்தைத் தாண்டுகிறது! தினமும் 100 ரூபாய் திரும்பிப் போவதால், அவர் கையில் சராசரியாகப் பாதிப் பணம்தான் நிற்கிறது. சூட்சுமம் அங்கேதான்.

தண்டலில் மட்டுமல்ல, தவணைக் கடனிலும் இதே கதைதான். ஒரு லட்சம் ரூபாய், 12 சதவீத பிளாட் வட்டி, ஓராண்டில் 12 தவணை என்றால் மாதம் ரூ. 9,333. கேட்க இனிமையாக இருக்கும். உண்மை வட்டி சுமார் 21.5 சதவீதம்.

தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தடுக்கத் தமிழகத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் புதிய சிறுதொழில் தவணைக் கடன்களுக்கு ஆண்டு முழுச் செலவு வீதத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கருவியில் ஒருமுறை தட்டிச் சரிபாருங்கள். தனிக் கருவி வேண்டாம் என்பவர்கள், வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் கைப்பேசி எக்செல்லில் 'ரேட்' சூத்திரம் போட்டுக் காட்டுவார்கள்.

பருப்பில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். வட்டிக்கு ஒரு நிமிடம் ஒதுக்கக் கூடாதா? கையெழுத்துப் போடுமுன் கணக்குப் போடுவோம்.