பம்ப்பை மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்



கார் நின்ற இடத்தில் குலுங்குகிறது. ஏற்றத்தில் இழுவை இல்லை. எக்ஸலேட்டரை மிதித்தால் திணறுகிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் பொனட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "பெற்றோல் பம்ப் போயிட்டு, மாத்தணும்."

மாற்றுகிறோம். இரண்டு நாளில் அதே குலுக்கல். பிறகு பிளக், பிறகு கொயில், பிறகு ஒரு சென்சர். கடைசியில் வாகனம் சரியானாலும், உண்மையில் எது பழுது என்று பாஸுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் நம் அல்டோவும் விட்ஸும் வேகன் ஆரும் கிழடாகிக்கொண்டே ஓடின. இடையில் 2022இல் ரூபாய் சரிந்து பார்ட்ஸ் விலை எகிறியது. மாதச் சம்பளத்தில் வாழும் நமக்கு, தேவையில்லாமல் மாற்றும் ஒரு பம்ப் என்பது பிள்ளைகளின் டியூஷன் காசு.

ஆகவே நாம் சொல்ல வருவது ஒன்றுதான். பம்ப் பழுதா இல்லையா என்பது ஊகிக்க வேண்டிய விசயமல்ல. அளக்கக்கூடிய விசயம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பம்ப் எல்லா சிலிண்டருக்கும் பொதுவாகவே பெற்றோல் அனுப்புகிறது. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தொடர்ந்து மிஸ் பண்ணினால், சந்தேகம் முதலில் அந்த சிலிண்டரின் பிளக், கொயில், இன்ஜெக்டர் மேல்தான் போக வேண்டும். அனுபவமுள்ள பாஸ் என்ஜின் ஓடும்போது கொயில் சொக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். எதைக் கழற்றினாலும் சத்தம் மாறவில்லையோ, அங்கேதான் நோய். நின்ற இடத்தில் குலுங்கி, ரேஸ் பண்ணினால் சரியாகிவிட்டால் வெடித்த வெக்கியூம் ஹோஸையோ அழுக்குப் பிடித்த த்ரொட்டில் பொடியையோ முதலில் பார்க்கலாம்.

பம்ப்பின் குணம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. நின்ற இடத்தில் நன்றாக இருக்கும். கடுகண்ணாவை ஏற்றத்தில், அல்லது ஹைவேயில் வேகம் எடுக்கும்போது, பெற்றோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில் மூச்சு வாங்கும். காலையில் பலமுறை செல்ஃப் அடிக்க வேண்டி வரும். சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும். பின் சீட்டுக்கு அடியில் சிணுங்கல் கேட்கலாம். ஆனால் அடைபட்ட பில்டரும் இதே குணத்தைக் காட்டும். அதனால்தான் அளவு வேண்டும்.

பெற்றோல் லைனில் ஒரு பிரஷர் கேஜை மாட்டினால் போதும். சாதாரண இன்ஜெக்ஷன் கார்கள் பலவற்றில் 3 பார் அளவில், அதாவது 40 முதல் 50 பிஎஸ்ஐ வரை இருக்கும். சரியான எண் அந்தந்த மாடலின் மெனுவலில் உண்டு. நின்ற இடத்தில் மட்டுமல்ல, ரேஸ் பண்ணும்போதும் அந்த அளவு விழாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தாலும் உடனே பம்ப் என்று முடிவெடுக்கக் கூடாது. பம்ப் சொக்கெட்டுக்குப் பெட்டரி வோல்டேஜ் ஏறக்குறைய முழுமையாக வருகிறதா? ரிலே, எர்த் வயர் சரியா? வயரில் துரு இருந்தால் புதுப் பம்ப்பும் பட்டினிதான் கிடக்கும்.

"ஸ்கேன் பண்ணிட்டோம், கம்பியூட்டரே சொல்லுது" என்பார்கள். ஸ்கேனர் எந்தப் பார்ட்ஸை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. பி 0171 என்று வந்தால் கலவையில் பெற்றோல் குறைவு என்பதுதான் பொருள். காற்று எங்காவது கசிந்து கூடியிருக்கலாம், பெற்றோல் வரத்து குறைந்திருக்கலாம். பரீட்சையில் 30 புள்ளி எடுத்த பிள்ளைக்குக் கண் தெரியவில்லையா, வீட்டில் பிரச்சினையா என்று ரிப்போர்ட் காட்டில் எழுதியிருக்காது அல்லவா? தேடித்தான் பார்க்க வேண்டும்.

பாஸ்மார் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு மணித்தியாலம் செலவழித்துப் பழுதைக் கண்டுபிடித்து, "பத்து ரூபா கிளிப்தான் கழன்டிருக்கு" என்று ஒருவர் சொன்னால், "இதுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்பது நம் சமூக வழக்கம். பெரிய பார்ட்ஸ் ஒன்றை மாற்றினால் மட்டும் பேசாமல் கொடுப்போம். மூளைக்குக் கூலி இல்லாத இடத்தில் பார்ட்ஸ்தான் விற்பனையாகும். டொக்டருக்குப் பார்த்ததற்கே காசு கொடுக்கிறோம். பாஸுக்கும் பார்த்ததற்கென்று தனியாகக் கொடுக்கப் பழகுவோம்.

பிறகு தைரியமாக மூன்று கேள்வி கேட்கலாம். "நானா, பிரஷர் எவ்வளவு இருந்திச்சு? சொக்கெட்டுக்கு வோல்டேஜ் வருதா? கழற்றின பழைய பம்ப்பைத் தருவீங்களா?" மரியாதையாகக் கேட்டால் நல்ல பாஸ் கோபிக்க மாட்டார்.

பம்ப் பழுது என்று அளவு காட்டினால் தள்ளிப்போடவும் கூடாது. ஓடும்போது என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும், இரண்டு மூன்று மிதியில் பிரேக்கும் கல்லாகிவிடும். பிள்ளைகளை ஏற்றும் ஸ்கூல் வேன் வைத்திருப்போர் இதைக் கட்டாயம் கவனியுங்கள். டேங்கில் எப்போதும் கால்வாசியாவது பெற்றோல் வைத்திருங்கள். பம்ப்பைக் குளிரவைப்பதே அந்தப் பெற்றோல்தான். ஒன்று, கேஜ் மாட்டுவதை வீட்டில் முயற்சிக்க வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் பெற்றோல் சீறும்.

அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டித்து குர்ஆனில் ஒரு சூராவே இருக்கிறது. நாம் அதைத் தராசு பிடிக்கும் கடைக்காரருக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அளக்காமலே பழுது என்று சொல்லிக் காசு வாங்குவதும், அளந்து சொன்னவருக்குக் கூலி கொடுக்காமல் வருவதும் அதே கணக்கில்தான் வரும் என்பது நம் கருத்து. வாகனத்தை ஒப்படைப்பவருக்கும் அது அமானிதம், ஏற்பவருக்கும் அது அமானிதம்.

அல்லாஹ் இரு தரப்பின் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக.