மண்ணுக்குள் மறையும் நஞ்சும், ஆங்கிலத்துள் மறையும் அறிக்கையும்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைபொங்கி நின்றதை நாடே கண்டது. பெங்களூருப் பக்கத்துக் கழிவைச் சுமந்துவரும் அவ்வாறு தன் நோயைத் தன் முகத்திலேயே காட்டுகின்றது. அதனாலன்றோ நாமும் சினந்தெழுகின்றோம்! ஆனால், ஓசையின்றிப் பாறையிடுக்குகளில் ஊர்ந்து நம் கிணற்றுக்கு வந்து சேரும் நஞ்சைக் கண்டு சினப்பார் யார்? அயலிலிருந்து வரும் நுரையைப் பழிப்பது எளிது. நம் மண்ணிலேயே கொட்டப்படும் கழிவைக் கேள்வி கேட்பதே அரிது. அவ்வரிய கேள்வியைத்தான் இங்குக் கேட்கின்றோம்.

குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஆடோட்டி வரும் உழவரைக் கேளுங்கள். தம் நிலத்தின் இயல்பை அவர் நன்கறிவார். மேலே மண், அதன்கீழ் உக்கிய பாறை, அதற்குங் கீழ் வெடிப்போடிய கடும்பாறை. அவ்வுக்கலிலும் வெடிப்பிலுமே நீர் நிற்கும், நடக்கும். ஆகவேதான் ஒரு கிணறு ஊற, அடுத்த கிணறு வறண்டு கிடக்கின்றது. நீர் நடக்கும் வழியே நஞ்சும் நடக்கும். ஓசூரிலும் குருபரப்பள்ளியிலும் தொழிற்பேட்டைகள் எழுந்துள்ளன. தொழில் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. நம் இளைஞர்க்கு வேலை வேண்டும். ஆனால், வேலைக்கு விலையாகக் கிணற்றைக் கொடுக்க எவர்க்கும் உரிமையில்லை.

குப்பைமேடு அமைக்குமுன் நிலத்தடி நீரின் தன்மையைப் பதிந்து வைத்தல் வேண்டும்; அமைத்தபின் மேட்டின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ள நீரைப் பருவந்தோறும் ஆய்தல் வேண்டும். இவ்வாறு 2016-ஆம் ஆண்டின் திண்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. நன்று! ஆயின், வெடிப்புப் பாறையில் நஞ்சு 50 மீட்டர் வட்டத்தைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? ஆய்வுக் கிணறு வெடிப்பின்மேல் அமையாவிடின், நஞ்சு அதன் அருகே கடந்து போகவும், 'நீர் தூயது' என்று அறிக்கை எழுதப்படும். குருடன் கையிற் கோல் கொடுத்து வழிகாட்டச் சொல்வதை ஒப்பதன்றோ இது?

வழியைக் காட்டும் கலையொன்று உளது. அது மின்தடை ஆய்வு. பிரெஞ்சு அறிஞர் கொன்ராடு சுலும்பர்சே 1912-இலேயே இதனைத் தொடங்கிவைத்தார். நிலத்தில் நான்கு கம்பிகளை நட்டு, வெளியிரண்டின் வழி மின்னோட்டம் செலுத்தி, உள்ளிரண்டின் இடையே மின்னழுத்தத்தை அளப்பர். கம்பிகளின் இடைவெளியை விரிக்க விரிக்க, அளவை ஆழஞ்செல்லும். கடும்பாறை மின்னுக்கு வழிவிடாது. அதன் தடை ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர். குப்பையினின்று கசியும் நீரோ உப்புகள் நிறைந்தது; அது மின்னை எளிதில் ஏற்பதால், அது புகுந்தவிடத்துத் தடை படுவீழ்ச்சியுறும். மேட்டைத் துளையாமலே, நஞ்சு எத்திசையில், எவ்வாழத்தில் ஊர்கின்றது என வரைந்து காட்டலாம். ஆண்டுதோறும் அதே இடத்தில் அளந்தால் அஃது எவ்வளவு நகர்ந்தது என்பதும் புலப்படும்.

இவ்வாய்வு எல்லாம் வல்லது என்று நாம் மயக்கவில்லை. களிமண்ணும் தடையைக் குறைத்துக் காட்டும். கரைந்திருப்பது எந்நஞ்சு என்பதையும் மின்னோட்டம் கூறாது. ஆகலின், தடை வீழ்ந்த இடத்தில் துளையிட்டு நீரை வேதியாய்வு செய்தே உறுதி காண வேண்டும். ஆயினும், எங்குத் துளைப்பது என்று அறியாமல் துளைப்பதினும், அறிந்து துளைப்பதே அறிவுடைமை.

பிந்தி விழித்தால் யாது நேரும் என்பதற்கு இராணிப்பேட்டையே சான்று. அங்குத் தமிழ்நாடு குரோமேட்டுத் தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவோ ஒன்றரை இலக்கம் டன்னுக்குக் குறையாது. அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைப்பது. 2006-இல் உலகின் மிகக் கெட்ட பத்து இடங்களுள் ஒன்றாக அவ்வூரைப் பிளாக்சுமித்து நிறுவனம் பட்டியலிட்டது. ஐதராபாத்து நாட்டு நிலவியற்பியல் ஆய்வு நிறுவனத்தாரும் அங்கு வந்து ஆய்ந்தனர். ஆனால், அவர்கள் ஆய்ந்தது நோயாளியை அன்று. நோய் முற்றிய உடலை! கொட்டுமுன் வந்திருக்க வேண்டிய கருவி, கொட்டி முடித்தபின் வந்தது.

இனி, மொழிக்கு வருவோம். எம் மாணவன் ஒருவனின் தந்தையார், தம் கிணற்று நீர் நிறம் மாறியது குறித்து ஓர் அலுவலகத்தில் முறையிட்டார். ஆய்வு முன்பே நடந்துவிட்டதென்று கூறி, ஆங்கில ஏடொன்றை அவர் கையில் திணித்தனர். அவர் அதனை எம்மிடம் கொணர்ந்து, "ஐயா, என் கிணற்றைப் பற்றி இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றார். தம் கிணற்றின் நிலையைத் தாமே அறிய வழியில்லாத அவர் கண்களைக் கண்டு எம் நெஞ்சு கொதித்தது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை, கருத்துக் கேட்புக்குச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தருமாறு பணித்தது. சுருக்கம் தமிழனுக்கு; முழுமை ஆங்கிலத்துக்கு! மின்தடைப் படங்களும் அளவைகளும் அம்முழுமைக்குள்ளன்றோ கிடக்கின்றன? அறிவியலைத் தமிழிற் சொல்ல இயலாது என்பார்க்கு, இவ்வுரையின் நான்காம் பத்தியே விடை.

உச்ச நயன்மன்றம் 1996-இல் தோல் தொழிற்சாலை வழக்கில் இரு நெறிகளை நிறுவியது: வருமுன் காத்தல், கெடுத்தவரே ஈடுசெய்தல். அவற்றின் வழியிலேயே நாம் கேட்பன மூன்று. கழிவு கொட்டுமுன்னரே மின்தடை ஆய்வு நடத்துக; அதன் செலவைக் கொட்டுவோரே ஏற்க; ஆண்டுதோறும் முழு அறிக்கையையும் தமிழில் ஊராட்சி மன்றச் சுவரில் ஒட்டுக.

உழவீர்! அடுத்த ஊர்மன்றக் கூட்டத்தில் இம்மூன்றையும் தீர்மானமாக்குங்கள். ஆற்றின் நுரை நம்மைக் கேளாமலே தெரிந்தது. நிலத்தடி நஞ்சோ நாம் கேட்டாலன்றித் தெரியாது.