லினக்ஸில் அச்சிட முடியாது என்று சொன்னவர் யார்?



"ஐயா, இந்த லினக்ஸ் கணினிகளில் அச்சிட முடியாது. பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடலாம்." அண்மையில் எங்கள் ஆசிரியர் அறையில் வழங்கப்பட்ட தீர்ப்பு இது. குற்றவாளிக் கூண்டில் நின்றவை ஐந்து கணினிகள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி எங்கள் கணினிகளுக்கு இல்லை. மாணவர் ஒருவரின் தந்தை இரண்டு சனிக்கிழமைகள் அமர்ந்து, ஒரு வெள்ளிகூட வாங்காமல், ஐந்திலும் லினக்ஸை நிறுவிக் கொடுத்தார். அனைத்தும் நன்றாகவே ஓடின. தமிழிலும் தட்டச்சு செய்ய முடிந்தது. அலுவலகத்தில் உள்ள பொது அச்சுப்பொறிக்கு மட்டும் ஒரு தாளும் போய்ச் சேரவில்லை. மூன்றே நாளில் 'உதவாது' என்ற முத்திரை விழுந்தது. ஆசிரியர்கள் பழையபடி விரலியைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகக் கணினியின் முன் வரிசையில் நின்றார்கள்.

நான் கேட்கிறேன்: முடியவில்லையா, தெரியவில்லையா? கணக்கை முயன்று பார்க்காமலே "முடியாது" என்று சொல்லும் மாணவனை நாம் விட்டுவிடுகிறோமா?

லினக்ஸில் அச்சுப் பணியைக் கவனிக்கும் மென்பொருளின் பெயர் கப்ஸ். 1999இல் வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளில் 2002 முதல் இதையே பயன்படுத்தி வருகிறது. மேக் அச்சிடுமாம், அதே மென்பொருளை வைத்திருக்கும் லினக்ஸ் அச்சிடாதாம்! என்ன நியாயம் இது?

எங்கள் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அச்சுப்பொறி யூஎஸ்பி கம்பிவழி அலுவலகத்து விண்டோஸ் கணினியோடு இணைக்கப்பட்டு, அங்கிருந்து பகிரப்பட்டிருந்தது. அந்தப் பகிர்வை லினக்ஸ் அணுகுவதற்குச் சாம்பா என்னும் மென்பொருள் வேண்டும். விண்டோஸ் கணினி கேட்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். அவற்றை எவரும் எவருக்கும் கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, பகிர்வுப் பெயரில் இரண்டு இடைவெளிகள். முகவரியில் இடைவெளியை அப்படியே தட்டினால் தடுமாறும். பெயரை ஒரே சொல்லாகச் சுருக்கினேன். ஆசிரியர்களுக்கெனத் தனிக் கணக்கு ஒன்றைத் திறக்கச் செய்தேன். அச்சுப்பொறியின் வகைக்கேற்ற இயக்கியைத் தேர்ந்தெடுத்தேன். சோதனைத் தாள் வந்து விழுந்தது. ஆன நேரம் அரை மணி.

ஆனால் அலுவலகக் கணினியை அடைத்தால் அச்சும் நின்றுவிடும். இதற்கு என்ன வழி என்று அச்சுப்பொறியைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் வலையமைப்புக் கம்பிக்கான துளை இருந்தது. வாங்கிய நாளில் அதன்மேல் ஒட்டியிருந்த ஒட்டுத்தாளைக்கூட எவரும் உரிக்கவில்லை! ஒரு கம்பியைச் செருகி வலையமைப்பில் நேரடியாக இணைத்தேன். லினக்ஸ் தானாகவே அதைக் கண்டுகொண்டது. சாம்பாவும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம், தனி இயக்கியும் வேண்டாம்.

உண்மையிலேயே லினக்ஸுக்கு இணங்காத அச்சுப்பொறிகளும் உண்டு, மறுக்கவில்லை. விண்டோஸுக்கு மட்டும் இயக்கி எழுதி விற்கப்படும் மலிவு வகைகள் அவை. அந்தப் பழி லினக்ஸைச் சேருமா, விலையை மட்டும் பார்த்து வாங்கியவரைச் சேருமா? மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஒரு செராக்ஸ் அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கியது. அதன் மென்பொருளைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் மூலநிரலைக் கேட்டார்; மறுக்கப்பட்டது. அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983இல் குனு திட்டத்தை அறிவிக்க அவரைத் தூண்டியது. அச்சுப்பொறியால் பிறந்த இயக்கத்தையே அச்சிடத் தெரியாதது என்கிறோம்!

"தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறதே?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். அவருடைய வினாத்தாள் பழைய எழுத்துருவில் தட்டியது. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும், விண்டோஸாகவே இருந்தாலும், தமிழ் சரியாகத் தெரியாது. ஒருங்குறிக்கு மாற்றினோம், ஒழுங்காக வந்தது.

மலேசிய அரசு பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை 2004இல் வெளியிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஓர் அச்சுப்பொறியை இணைக்கத் தெரியாமல் நிற்கிறோம் என்றால், பயிற்சிப் பட்டறைகளில் நாம் கற்றதுதான் என்ன? படவில்லைகளில் பூக்களைப் பறக்கவிடுவதையா?

இப்போது அச்சுப்பொறியின் முகவரியை ஓர் அட்டையில் எழுதி அதன்மேலேயே ஒட்டிவைத்திருக்கிறேன். அலுவலக வாசலில் வரிசை இல்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரண்டாவது அச்சுப்பொறி வாங்கும் பேச்சு வருகிறது. விலைப்பட்டியலோடு வருகின்றவர்கள், ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் வசதி உண்டா என்று கடையில் கேட்டுக்கொண்டு வாருங்கள். விலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.